காலையில் மட்டும் தட்டிய எஞ்சின்

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், திருகோணமலை பாலையூற்றில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் தொடங்கியது இது. விடிந்தும் விடியாத நேரம். காரில் ஏறித் திறப்பைத் திருப்பினேன். முன்பக்கப் பொனற்றுக்குள் யாரோ அகப்பட்டுக்கொண்டு இரும்புக் கதவில் தட்டுவது போல 'டக டக டக' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? காருக்கு வெளியே, வேலியோரம், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். இந்த ஊரில் போரைக் கண்ட எங்கள் வயதுக்காரரின் பழக்கம் அது. சத்தம் கேட்டால் முதலில் உடம்பு குந்தும். மூளை பிறகு ஆறுதலாக வந்து சேரும்.

மூளை வந்து சேர்ந்தபோது சத்தம் நின்றுவிட்டிருந்தது. கார் ஒன்றுமே நடக்காதது போல மெல்ல இரைந்துகொண்டு நின்றது. வாசலில் என் மனைவி வேலைப் பையைத் தோளில் மாட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதையாவது துலைச்சுப்போட்டுத் தேடுறீங்களோ?"

"செருப்பு" என்றேன். செருப்பு காலில்தான் இருந்தது.

அவள் குச்சவெளிப் பக்கம் குடும்பநல மாது. பிள்ளைத்தாச்சிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. முன்பெல்லாம் ஸ்கூட்டியில் போய்வந்தாள். மணலில் சறுக்கி விழுந்து முழங்கால் உடைந்தபிறகு அது ஏலாமல் போயிற்று. பஸ் கரையோரத் தெருவோடு போய்விடும். அவளுடைய தாய்மாரோ தெருவை விட்டு உள்ளே, கடல்நீர் தேங்கும் களப்போரம் இருக்கிறார்கள். ஆகவே நான் சாரதி ஆனேன். காலை முழுக்க அவளோடு சுற்றிவிட்டு, பின்னேரம்தான் துறைமுகப் பக்கம் உள்ள என் போட்டோக்கொப்பிக் கடையைத் திறப்பேன். கார் இல்லையென்றால் அவளை அலுவலகத்தில் ஒரு கதிரையில் இருத்திவிட்டு, அவளுடைய பகுதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஏற்கெனவே கதை அடிபட்டது. அந்தக் கதிரையைப் பற்றி யாராவது வாயெடுத்தாலே அவள் முகம் இறுகிவிடும். பதினைந்து வருடமாக அவள் பார்த்த தாய்மார் அவர்கள்.

ஆக, அந்தக் கார்தான் அவளுடைய கால். இருபது வயதைத் தாண்டிய ஜப்பான் கார். கார் விலை வானத்தில் நிற்கும் இந்த நாட்டில் இன்றைக்கு அதற்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லை.

அடுத்த நாளும் அதே தட்டல். அதற்கடுத்த நாளும் அதே. காலையில் முதல்தரம் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்ச நேரம் தட்டும். பிறகு நாள் முழுக்கச் சத்தமில்லை. எனக்குக் கோபம் வந்ததே இந்த நடிப்பைப் பார்த்துத்தான். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், ஓடிச் சூடேறிய எஞ்சின் விருந்தாளி முன்னால் வந்த நல்ல பிள்ளை போல அடக்கமாக நிற்கும். நான் வாயால் 'டக டக' என்று செய்து காட்டுவேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

கனடாவில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்கு வீடியோவில் காட்டினோம். அவன் அங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அதனால் உலகத்தில் உள்ள சகல இயந்திரங்களையும் பற்றி அவனுக்குத் தெரியும்.

"அத்தான், போனை இன்னும் கிட்டப் பிடியுங்கோ. இன்னும்... இன்னும்..."

பிடித்தேன். போன் எஞ்சினுக்குள் விழுந்தது. அதை எடுக்கக் கையை விட்டு முழங்கையைச் சுட்டுக்கொண்டதுதான் அந்த ஆலோசனையில் கிடைத்த பலன். "கஷ்டம்தான் அத்தான், வித்திடுங்கோ" என்று போன் உள்ளேயிருந்தே சொல்லியது. நான் பொனற்றை ஓங்கிச் சாத்தினேன். உள்ளே இருந்தது என்னுடைய போன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் மேசனும் பாஸ், தச்சரும் பாஸ், மெக்கானிக்கும் பாஸ்தான். வருடக்கணக்காக எங்கள் காரைப் பார்ப்பவர் உட்துறைமுகப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸ். அவர் கடைசியில் ஒரு வழி சொன்னார். காரை இரவு கராஜிலேயே விடுங்கோ, காலையில் குளிர்ந்திருக்கும்போது நானே கேட்கிறேன் என்றார். நியாயமாகப் பட்டது. விட்டேன்.

காலையில் நான் போனபோது பாஸ் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, செத்த வீட்டுக்கு வந்தவர்களை வரவேற்பது போலத் தலையை மட்டும் அசைத்தார்.

"கேட்டனான் அண்ணை. பெயாரிங் முடிஞ்சுது. எஞ்சினை இறக்கத்தான் வேணும்."

"இறக்கினால்?"

"இறக்கினால் என்ன, இது திருத்திச் சரிவராது. கொழும்பில தெரிஞ்ச இடத்தில ஒரு எஞ்சின் கிடக்கு. நான் சொன்னால் நாளையிண்டைக்கு லொறியில ஏத்துவாங்கள். ஒரு மாசம் தாங்கோ."

ஒரு மாதம் என்றால் அந்தக் கதிரை. அது எனக்குத் தெரியும். கேட்க வேண்டிய கேள்விகளும் எத்தனையோ இருந்தன. ஆனால் நான் செய்தது என்ன? தலையை ஆட்டி, "ஓம் பாஸ், செய்யுங்கோ" என்றேன். பயந்துபோனவனுக்கு ஓம் என்பதுதான் வாயில் முதலில் வரும் சொல். துவக்கை நீட்டி நின்று கேட்பவனிடமும் ஓம் என்போம், ஸ்பனரோடு நின்று கேட்பவரிடமும் ஓம் என்போம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அகப்பை அந்தரத்தில் நின்றது.

"யாரைக் கேட்டு ஓம் எண்டனீங்கள்?"

"பெயாரிங் முடிஞ்சுதாம்."

"பெயாரிங் எண்டால் என்ன?"

எனக்குத் தெரியாது. உருண்டையாக ஏதோ. கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன்.

"இது என்னெண்டு தெரியாமல்தான் கழட்டச் சொன்னனீங்களோ? ஒரு தாய் வந்து வயித்துக்க குத்துது எண்டால் நான் உடன கத்தியையோ எடுக்கிறனான்? போய்க் காரை எடுத்துக்கொண்டு வாங்கோ!"

அவள் இப்படிச் சத்தம் போடுவது அபூர்வம். பாஸின் ஸ்பனரை விட இது பெரிய ஆயுதம் என்பதால் உடனே போனேன். பாஸுக்குக் கோபம். தன் சொல்லை நம்பவில்லை என்ற கோபம். "எடுத்துக்கொண்டு போங்கோ. ஆனால் நடுத்தெருவில எஞ்சினைப் பிச்சுக்கொண்டு இரும்பு வெளிய வந்தால் என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கராஜிலிருந்து பாலையூற்று வரை நான் ஓட்டிய ஓட்டத்தைத் திருகோணமலை கண்டதில்லை. சைக்கிள்கள் என்னை முந்தின. இரும்பு வந்தால் முழங்காலில் படக்கூடாது என்று காலை அகட்டி வைத்துக்கொண்டு, சீட்டில் பின்னுக்குச் சாய்ந்தபடி ஓட்டினேன். எங்கள் நகரத் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று வழமைபோல நடுத்தெருவில் நின்று என்னை நிதானமாகப் பார்த்தது. பிரேக்கை மிதித்தால் எஞ்சின் வெடிக்கும், மிதிக்காவிட்டால் மான் சாகும் என்று ஒரு கணம் தலை சுற்றியது. தலையை வெளியே நீட்டி அந்த மானை நான் ஏசிய ஏச்சு இருக்கிறதே, பாஸை ஏச வேண்டியதும், மச்சானை ஏச வேண்டியதும், என்னை ஏச வேண்டியதும் எல்லாம் அந்த வாயில்லாச் சீவன் மேலேதான் விழுந்தது. அது என் சைட் கண்ணாடியை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் விடிய, மனைவி தன் வேலைப் பையிலிருந்து ஒரு குழலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். தாயின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிற, ஊமத்தம்பூ வடிவிலான சின்னக் குழல். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டாம், திறப்பைத் திருப்புங்கோ என்றாள். ஆறிக் குளிர்ந்திருந்த எஞ்சின்மேல் குழலை வைத்து, காதைப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். திருப்பினேன். 'டக டக டக'. குழலை அங்கும் இங்கும் மாற்றி வைத்தாள். சத்தம் நின்றது. நிமிர்ந்தாள்.

"நோகிற இடம் எண்டு ஒண்டு இல்லையப்பா. எல்லா இடமும் ஒரே மாதிரிக் கத்துது. பசிக்கு அழுற பிள்ளை மாதிரி."

"அப்ப புட்டு அவிச்சுக் குடுப்பமோ?" என்றேன் நான். கோபத்தில் எனக்கு வருகிற பகிடி எல்லாம் இந்தத் தரத்தில்தான் இருக்கும். அவள் அதைக் காதில் போடாமல், தாய்மாரிடம் கேட்கும் அதே குரலில் என்னை விசாரிக்கத் தொடங்கினாள். எப்போது தொடங்கியது? அதற்கு முதல் என்ன நடந்தது? ஏதாவது மாற்றினீர்களா?

ஒன்றும் மாற்றவில்லை என்றேன். வடிவாக யோசியுங்கோ என்றாள். யோசித்தேன். எஞ்சினுக்கு ஒயில் மாற்றிய கிழமையில்தான் இது தொடங்கியிருந்தது. ஒயில் இருக்கிறதா என்று கம்பியை இழுத்துப் பார்த்தோம். நிறைய இருந்தது. "பிறகென்ன பசி?" என்று கேட்டுவிட்டு, வென்றவன் போல உள்ளே போனேன்.

அடுத்த நாள் விடிய ஆளை மாற்றினோம். முழங்கால் நோவால் அவளுக்குக் குனிந்து நிற்க முடியவில்லை. குழல் என் கையில், திறப்பு அவள் கையில். அவள் சாரதி சீட்டில் இருந்தது அதுதான் முதல்தரம். இருட்டு இன்னும் முழுதாகக் கலையவில்லை. நான் காதை வைத்ததும் அவள் திருப்பினாள். 'டக டக டக'.

"ஐயோ, பொட்டு எரியுது!"

நான் மறுபடியும் வேலியோரம் குந்திவிட்டேன். கார் எரிகிறது என்றுதான் விளங்கியது. எழும்பி ஓடி வந்து பார்த்தால், அவள் மீற்றர் கண்ணாடியைக் காட்டிக்கொண்டு இருந்தாள். எஞ்சினும் அமைதி, பொட்டும் அமைதி.

என்ன பொட்டு என்கிறீர்களா? கார் வாங்கிய புதிதில் சல்லி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தோம். ஐயர் சக்கரத்துக்கு, ஸ்டியரிங்குக்கு, எஞ்சினுக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்து, மீற்றர் கண்ணாடியிலும் சந்தனமும் குங்குமமும் குழைத்துத் தாராளமாக ஒன்று வைத்தார். மற்றதெல்லாம் மழையிலும் கைபட்டும் போய்விட்டது. கண்ணாடிப் பொட்டு மட்டும் நிலைத்து நின்றது. அது அழியத் தொடங்கினால் மனைவி வெள்ளிக்கிழமை பார்த்துப் புதுப்பிப்பாள். ஒருமுறை நான் ஈரத்துணியால் துடைக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நகத்தால் சுரண்டினேன். அவள் தடுக்கவில்லை. பொட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு படம், ஒயில் கேத்தல் போல. எஞ்சினுக்கு ஒயில் போய்ச் சேரவில்லை என்றால் சிவப்பாக எரிய வேண்டிய விளக்கு அது. காலையில் தட்டுகிற நேரம் முழுக்க அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நானோ பொனற்றையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் கார் எங்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள் அதன் வாயில் சந்தனத்தை அப்பி வைத்திருந்தோம்.

"பசி எண்டு நான் சொன்னனான்" என்றாள்.

"பொட்டு வைச்சதும் நீர்தான்" என்றேன்.

அதோடு இருவரும் சமன்.

ஒயில் இருக்கிறது, ஆனால் காலையில் மேலே போய்ச் சேரச் சுணங்குகிறது. ஏன்? பிரதான வீதியில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் கிண்ணியாக்காரர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "ஒயில் மாத்தினதோட பில்டரும் மாத்தியிருப்பாங்களே. அதைக் கழட்டிக் கொண்டு வாங்க, பாப்பம்" என்றார்.

பில்டர் என்பது ஒயிலை வடிகட்டும் ஒரு தகர டப்பா. காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கழற்றினேன். கழன்றது. அதோடு ஒயிலும் வந்தது. என் வலது கமக்கட்டில் இறங்கி இடது காதில் ஏறியது. அந்தக் கோலத்தில், டப்பாவை சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் சீட்டில் பேப்பர் விரித்த பிறகுதான் என்னை ஏறவிட்டார்.

கடைக்காரர் புதுப் பில்டர் ஒன்றை எடுத்து, இரண்டின் வாயையும் எனக்குக் காட்டினார். புதியதன் ஓட்டைகளுக்குப் பின்னால் ரப்பர் ஒன்று வட்டமாகப் படிந்திருந்தது. இரவில் எஞ்சின் நிற்கும்போது ஒயில் திரும்பி வடிந்து கீழே போகாமல் தடுக்கிற ரப்பர். என்னுடையதில் அந்த இடம் வெறும் தகரம். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. வாள் எடுத்து அந்தப் பழைய டப்பாவை அறுத்தே பார்த்தேன். கிடையவே கிடையாது. யாரோ ஒருவன் எங்கேயோ இருந்துகொண்டு, வெளியே நிறம் பூசி, உள்ளே அந்தத் துண்டு ரப்பரை மட்டும் போடாமல் விட்டிருக்கிறான். இரவு முழுக்க ஒயில் கீழே வடிந்துவிடும். காலையில் எஞ்சின் வெறுவயிற்றோடு எழும்பிக் கத்தும்.

புதியதைப் பூட்டினேன். குறைந்த ஒயிலை நிரப்பினேன். மறுநாள் விடிய இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறப்பைத் திருப்பினோம். சிவப்பு விளக்கு கண்மூடித் திறக்கும் நேரத்தில் அணைந்தது. தட்டலே இல்லை. வெறும் எஞ்சின் சத்தம். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "குச்சவெளிக்கு விடுங்கோ" என்றாள். அன்றைக்கு வழி முழுக்க அவள் தன்பாட்டில் சிரித்துக்கொண்டு வந்தாள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் கோபம் முற்றிக்கொண்டு வந்தது. அந்த டப்பாவைப் பூட்டியதே பாஸ். பூட்டியவரே எஞ்சினை இறக்கச் சொன்னார். நல்ல எஞ்சினைத் தான் வைத்துக்கொண்டு, கொழும்பு எஞ்சினை என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். பின்னேரம் கராஜுக்குப் போகும் வழி முழுக்க என்னென்ன சொல்ல வேண்டும் என்று பாடமாக்கினேன். கள்ளன் என்பது முதல் சொல். அதிலிருந்து படிப்படியாக ஏறுவதாகத் திட்டம்.

அறுத்த டப்பாவை அவருடைய மேசையில் ஓங்கி வைத்தேன். "பாஸ், இதுக்குள்ள ரப்பர் எங்க?"

அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் பாடமெல்லாம் மறந்துபோயிற்று. எழும்பிக் கராஜின் பின்பக்கம் நடந்தார். நானும் போனேன். அங்கே படங்குச் சீலைக்குக் கீழே ஒரு எஞ்சின் துண்டு துண்டாகக் கழற்றிக் கிடந்தது.

"இது என்ர சொந்தக் காரின்ர எஞ்சின் அண்ணை. விடிய இப்பிடித்தான் தட்டினது. பெயாரிங் எண்டு நினைச்சு இறக்கிப்போட்டு, கொழும்பிலயிருந்து வேற எஞ்சின் எடுத்துப் போட்டன்."

"பிறகு?"

"அதுவும் தட்டுது."

நான் சிரித்தேனா, கத்தினேனா என்று சரியாகத் தெரியவில்லை. புது எஞ்சினுக்கும் அதே டப்பாவைத்தான் பூட்டியிருந்தார். கொழும்புக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனோடு போனில் சண்டை பிடித்துவிட்டு, எனக்கு அங்கேயே வேறு இடத்தில் எஞ்சின் பார்த்திருக்கிறார். மலிவாகக் கிடைத்தது என்று பெட்டியாக வாங்கி வைத்த பில்டர். அந்தச் சிவப்பு விளக்கு? "அது பழைய காருகளுக்குக் கொஞ்ச நேரம் எரியும்தானே அண்ணை" என்றார்.

"பாஸ், இதை எத்தனை பேருக்குப் பூட்டினீங்கள்? எத்தனை பேரின்ர எஞ்சினை இறக்கச் சொன்னீங்கள்?"

அவர் விரலை மடிக்கத் தொடங்கினார். கொஞ்சம் மடித்ததும் நிறுத்திவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்தார்.

மிச்சமிருந்த டப்பாக்களைப் பெட்டியோடு வெளியே இழுத்துக் கொட்டினோம். நான் ஒரு சுத்தியலை எடுத்தேன், அவர் ஒன்றை எடுத்தார். ஒவ்வொன்றாகத் தகடாக்கினோம். அவர் யாரை நினைத்து அடித்தார் என்று நான் கேட்கவில்லை. தெருவால் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கை கொப்பளித்தது. கோபம் மட்டும் தகடாகவில்லை.

அவர் கள்ளனாக இருந்திருந்தால் நன்றாக ஏசிவிட்டு மறந்திருப்பேன். கள்ளன் இல்லாத ஒருவர், தனக்குத் தெரியாததை அவ்வளவு உறுதியாகச் சொன்னார். நானும் எனக்கு விளங்காததுக்கு அவ்வளவு உறுதியாகத் தலையாட்டினேன். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு நல்ல எஞ்சினும், களப்போரத்துத் தாய்மார் அத்தனை பேருக்குமான என் மனைவியின் வேலையும் போக இருந்தன. இன்றைக்கும் யாராவது என்னிடம் எதையாவது அடித்துச் சொன்னால், அது எப்போது தொடங்கியது, அதற்கு முதல் என்ன நடந்தது என்று கேட்டு ஆளைச் சலிக்க வைக்கிறேன். பயத்தில் அன்று நான் சொன்ன அந்த ஒரு 'ஓம்' மேல் எனக்கு இருக்கும் கோபம் மட்டும் ஆறக்கூடாது என்று வேண்டுமென்றே ஆறவிடாமல் வைத்திருக்கிறேன்.